பழைய ஜிப்சி வாங்கியவர்களும் வாங்கப் போகிறவர்களும் கேட்கும் கேள்விகள்

கோத்தகிரிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. 2006-ல் மாருதியின் நாலு சக்கர இழுவை வண்டியான ஜிப்சியில் 1998 மாடல் ஜிப்சி கிங் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். பறித்த இலையை ஃபாக்டரிக்குக் கொண்டுபோவதும் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும் இன்றுவரை அதில்தான். பழைய ஜிப்சி வாங்கும் இளைஞர்கள் என்னிடம் வந்து திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

ஜிப்சியில் நாலஞ்சு மாடல் சொல்றாங்களே, எதை வாங்கலாம்?

மாருதி 1985 கடைசியில் கொண்டுவந்த முதல் ஜிப்சி எம்ஜி410. அதில் 970 சிசி கார்புரேட்டர் எஞ்சின், நாலு கியர். 1993-ல் சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தை 90 மில்லிமீட்டர் கூட்டினார்கள். 1996-ல் 1.3 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியரும் சேர்ந்து ஜிப்சி கிங் ஆனது. 2000-ல் அதே 1.3 லிட்டரில் 16 வால்வு எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும்) எஞ்சின் வந்தது, 80 குதிரைத் திறன். பொதுமக்களுக்கான விற்பனை 2019-ல் நின்றது.

மலைப் பாதையில் தினமும் ஓட்ட வேண்டுமென்றால் கிங் அல்லது எம்பிஎஃப்ஐ பாருங்கள். 1.3 எஞ்சின் எஸ்டீம் காரில் இருந்த குடும்பம் என்பதால் எஞ்சின் சாமான் தேடி அலைய வேண்டியதில்லை. எம்பிஎஃப்ஐ வண்டியில் பிரேக் பூஸ்டரும் உண்டு. பூஸ்டர் இல்லாத பழைய வண்டியில் பிரேக்கை அழுத்தி மிதிக்கக் காலில் பலம் வேண்டும். ஆனால் மாடலைவிட முக்கியம் துரு. நல்ல சேசிஸ் (அடிச்சட்டம்) உள்ள 1995 வண்டி, அழுகிப்போன 2010 வண்டியைவிட எவ்வளவோ மேல்.

எனக்கு கார் நல்லா ஓட்ட வரும். ஜிப்சிக்குத் தனியா எதுவும் கத்துக்கணுமா?

கற்க வேண்டும். பெரும்பாலான ஜிப்சிகளில் பவர் ஸ்டியரிங் கிடையாது. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பப் பார்க்காதீர்கள். வண்டி மெல்ல உருளட்டும், அப்போது திருப்பினால் பாதி பலம் போதும். பெருவிரலை ஸ்டியரிங் வளையத்துக்கு உள்ளே கொடுத்துப் பிடிக்கக் கூடாது. முன்சக்கரம் ஒரு கல்லில் மோதினால் வளையம் சட்டென்று சுழலும், விரல் எலும்பு முறிந்துபோகும். பெருவிரலை வளையத்தின் மேலேயே வைத்துப் பழகுங்கள்.

அடுத்தது வேகம். வண்டி உயரம், அகலம் குறைவு, முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். காரில் 50-ல் எடுக்கும் வளைவை இதில் 30-ல் எடுங்கள். வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து, கியர் இறக்கி, வளைவுக்குள் சீராக ஆக்சிலரேட்டர் கொடுங்கள். வளைவுக்குள் போனபின் பதறிப் பிரேக் பிடிப்பதும் ஸ்டியரிங்கை வெட்டுவதும்தான் இந்த வண்டியைக் கவிழ்க்கும்.

கியருக்குப் பக்கத்துல இன்னொரு குட்டி லீவர் இருக்கே, அது எதுக்கு?

அது டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவர், அதாவது இழுவையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியின் லீவர். நாலு நிலை உண்டு. 2எச் என்றால் பின்சக்கரங்களுக்கு மட்டும் இழுவை, சாதாரண ரோட்டுக்கு. 4எச் என்றால் நாலு சக்கரத்துக்கும் இழுவை, கியர் வேகம் மாறாது. அடுத்து நியூட்ரல். கடைசியாக 4எல். இதில் நாலு சக்கரமும் இழுக்கும், ஒவ்வொரு கியரும் ஏறக்குறைய 1.6 மடங்கு மெதுவாகி, அந்த அளவுக்கு இழுவை கூடும்.

2எச்-லிருந்து 4எச்-க்கு, ஸ்டியரிங் நேராக இருக்கும்போது மெதுவாக ஓடிக்கொண்டே மாற்றலாம். 4எல் போட வண்டியை முழுவதும் நிறுத்தி, கிளட்சை மிதித்து, இடையில் தயங்காமல் ஒரே இழுப்பில் மாற்றுங்கள்.

அந்த நியூட்ரலை மட்டும் மறக்கவே கூடாது. லீவர் நியூட்ரலில் இருந்தால், முதல் கியர் போட்டு நிறுத்தியிருந்தாலும் வண்டி உருளும், ஏனென்றால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் அங்கே தொடர்பே இல்லை. வாங்கிய புதிதில் எங்கள் வண்டி இப்படித்தான் ஆளில்லாமல் உருண்டு தேயிலைச் செடிகளுக்குள் போய் நின்றது. அந்த நேரம் கீழே யாரும் பறித்துக்கொண்டிருக்கவில்லை. அன்றிலிருந்து ஹேண்ட் பிரேக், கியர், லீவர் மூன்றையும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, சக்கரத்துக்குக் கல்லும் வைத்தபிறகுதான் வண்டியை விட்டு விலகுகிறேன்.

மழைக்காலம் முழுக்க 4எச்-லயே ஓட்டினா பாதுகாப்புதானே?

இல்லை. இதை நம்பி டிரான்ஸ்ஃபர் கேஸைக் கெடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் போகின்றன, அதனால் கூடுதல் தூரம் உருள வேண்டும். ஜிப்சியில் நடு டிஃபரன்ஷியல் (முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு) கிடையாது. 4எச் போட்டதும் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். சேற்றிலோ சரளையிலோ சக்கரம் லேசாக வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். பிடிப்புள்ள தார் ரோட்டில் வழுக்க இடமில்லாததால் ஷாஃப்ட், ஜாயின்ட், பல்சக்கரம் எல்லாம் முறுக்கேறும். ஸ்டியரிங் கனக்கும், வளைவில் வண்டி துள்ளும், கடைசியில் லீவர் 2எச்-க்குத் திரும்பாமல் சிக்கிக்கொள்ளும். அப்படிச் சிக்கினால் லீவரை அடித்து இழுக்க வேண்டாம். நேராகச் சில அடி ரிவர்ஸ் எடுங்கள், முறுக்கு கழன்று தானாக வரும்.

இன்னொன்று. நாலு சக்கர இழுவை வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. பிரேக் எல்லா வண்டியிலும் நாலு சக்கரத்திலும்தான் இருக்கிறது. நனைந்த ரோட்டில் வேகத்தைக் குறைத்து, நல்ல டயர் போட்டு, 2எச்-ல் ஓட்டுங்கள்.

முன் சக்கரத்து நடுவுல திருகுற மாதிரி ஒண்ணு இருக்கு. அது என்ன?

அது ஃப்ரீ வீலிங் ஹப், எல்லா வண்டியிலும் இருக்காது. ஃப்ரீயில் வைத்தால் சக்கரம் மட்டும் உருளும், உள்ளே ஆக்சில் சுற்றாது. லாக்கில் வைத்தால்தான் முன்சக்கரத்துக்கு இழுவை போகும். இரண்டு பக்கமும் ஃப்ரீயில் இருக்க, உள்ளே உட்கார்ந்து 4எல் போட்டால் பின்சக்கரம் மட்டுமே சுற்றும். மண் பாதையில் இறங்கும் முன்பே இரண்டையும் லாக் செய்துவிடுங்கள். சேற்றில் மாட்டியபின் முட்டியளவு சகதியில் நின்று திருகுவது பெரும்பாடு. ரோட்டிலேயே ஓடும் வண்டியானாலும் மாதத்துக்கு ஒருமுறை லாக் செய்து, 2எச்-லேயே சில கிலோமீட்டர் ஓட்டினால் முன் டிஃபரன்ஷியலில் ஆயில் சுற்றும்.

4எல் போட்டும் சேத்துல மாட்டிக்கிச்சு. ஃபோர் வீல் டிரைவ்னா நாலும் சுத்தணும்ல?

ஹப் லாக்கில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தும் நகரவில்லை என்றால் காரணம் டிஃபரன்ஷியல். ஒரு ஆக்சிலில் எந்தச் சக்கரத்துக்குப் பிடிப்பில்லையோ அந்தப் பக்கமே சுழற்சி ஓடிவிடும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று எதிரெதிர் மூலையில் இரண்டு சக்கரம் பிடிப்பை இழந்தால் போதும், அந்த இரண்டும் சும்மா சுற்ற, மற்ற இரண்டும் அசையாமல் நிற்கும்.

ஆக்சிலரேட்டரை மிதித்து அலறவிடாதீர்கள், சக்கரம் குழிதான் தோண்டும். முதல் கியரில் மெல்ல ஆக்சிலரேட்டர் கொடுத்தபடி இடது காலால் பிரேக்கை லேசாக மிதியுங்கள். சும்மா சுற்றும் சக்கரம் தடைபட, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கொஞ்சம் இழுவை போகும். அதுவும் உதவாவிட்டால் டயருக்கு முன்னால் கல், சில்வர் ஓக் கிளை, பழைய சாக்கு எதையாவது கொடுங்கள். டயர் காற்றை 15, 18 பிஎஸ்ஐ வரை இறக்குவதும் நல்ல பலன் தரும். ஆனால் கையில் பம்ப் இருந்தால் மட்டும் இறக்குங்கள், ரோட்டுக்கு வந்ததும் பழைய அளவுக்கு நிரப்பிவிடுங்கள்.

செங்குத்தா இறங்கும்போது எந்தக் கியர்?

தார் போட்ட மலைப் பாதையில் 2எச், இரண்டாவது கியர். மசினகுடி போகும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு. அங்கே பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறவர்களுக்குப் பாதி வழியில் பிரேக் சூடேறி, காலடியில் பஞ்சாகிவிடும். எஞ்சின் வண்டியைப் பிடித்து இறக்கட்டும், பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள். கருகல் வாசம் வந்தால் ஒதுங்கி நின்று தானாக ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஈரம் இழுத்த ஆயில் சீக்கிரம் கொதிக்கும்.

எஸ்டேட் மண் பாதை என்றால் 4எல், முதல் கியர். கிளட்சில் கால் வைக்கவே கூடாது. கிளட்சை மிதித்த நொடியில் எஞ்சின் பிடி விட்டு வண்டி பாயும். குறுகிய மலைப் பாதையில் எதிரே ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர்தான் ஒதுங்கி வழி விட வேண்டும். விதியும் அதுதான்.

ஏத்தத்துல பாதியில எஞ்சின் ஆஃப் ஆயிட்டா என்ன செய்றது?

எல்லோரும் பதறுவது இங்கேதான். பிரேக்கை இறுக மிதியுங்கள், ஹேண்ட் பிரேக்கையும் போடுங்கள். வண்டியைத் திருப்பப் பார்க்காதீர்கள், சரிவில் குறுக்கே நின்றால் புரண்டுவிடும். கிளட்சை மிதித்து ரிவர்ஸ் போட்டு, கிளட்சை முழுவதும் விட்டுவிடுங்கள். ஹேண்ட் பிரேக்கை எடுத்து, பிரேக்கை மெதுவாகத் தளர்த்தியபடி, கிளட்சை மிதிக்காமலே சாவியைத் திருப்புங்கள். 4எல்-ல் ஸ்டார்டர் மோட்டாரே வண்டியைப் பின்னோக்கி நகர்த்தி எஞ்சினையும் கிளப்பிவிடும். கண்ணாடியைப் பார்த்து, வந்த தடத்திலேயே நேராக இறங்குங்கள். ஆபத்தில்லாத சின்ன மேட்டில் இதைப் பத்துத் தடவை பழகியபிறகு பெரிய ஏற்றத்துக்குப் போகலாம்.

ஓடையில இறக்கலாமா?

அரைச் சக்கரம் வரை தண்ணீர் என்றால் இறக்கலாம். அதற்குமேல் என்றால் நான் இறக்க மாட்டேன். முதலில் ஆளிறங்கி நடந்து பாருங்கள். நடக்க முடியாத வேகத்தில் தண்ணீர் ஓடினால் வண்டிக்கும் அது ஆகாது. ஜிப்சி ஆயிரம் கிலோ அளவுக்குத்தான் எடை, வெள்ளம் எளிதாகத் தள்ளிவிடும். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் காலையில் கணுக்காலளவு இருந்த ஓடை மாலையில் இடுப்பளவு ஆகிவிடும்.

நீண்ட தூரம் ஓடிய ஆக்சில் சூடாக இருக்கும். அந்தச் சூட்டோடு தண்ணீரில் இறக்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். பத்து நிமிடம் ஆறவிட்டு இறக்குங்கள். கரையேறியதும் பிரேக்கை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டி உலர வையுங்கள். வீட்டுக்கு வந்தபின் டிஃபரன்ஷியல் ஆயிலைப் பாருங்கள், பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உடனே மாற்றியாக வேண்டும்.

60 தாண்டினா ஸ்டியரிங் பயங்கரமா உதறுது. வீல் பேலன்சிங் பண்ணியும் போகல.

பேலன்சிங் செய்தும் போகாத உதறல் பெரும்பாலும் முன் ஆக்சிலில் ஆட்டம். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் வீல் பேரிங் அல்லது நக்கிளில் (சக்கரம் திரும்பும் மூட்டு) உள்ள கிங் பின் பேரிங். ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின். இடவலமாக ஆடினால் டை ராட் எண்ட் (ஸ்டியரிங் கம்பியின் முனை மூட்டு). இவையெல்லாம் சரியாக இருந்தால் ஸ்பிரிங் புஷ், ஸ்டியரிங் பாக்ஸ் போல்ட் என்று தேடுங்கள்.

சிலர் ஸ்டியரிங் டேம்பர் (ஸ்டியரிங் அதிர்வை அடக்கும் பாகம்) மட்டும் புதிதாகப் போட்டு உதறலை மறைத்துவிடுகிறார்கள். தேய்ந்த பேரிங் உள்ளே தேய்ந்துகொண்டேதான் இருக்கும். ஓடும்போது உதறல் வந்தால் பிரேக்கைக் குத்தாமல், ஸ்டியரிங்கைத் தளர்வாகப் பிடித்து, ஆக்சிலரேட்டரை விட்டு வேகம் குறையவிடுங்கள்.

கிரீஸ் எங்கெங்க அடிக்கணும்?

ஜிப்சியில் கியர் பாக்ஸ் தனி, டிரான்ஸ்ஃபர் கேஸ் தனி. இரண்டுக்கும் நடுவே ஒரு குட்டி ஷாஃப்ட், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, ஆக மூன்று ஷாஃப்ட், ஆறு கிராஸ் (ஷாஃப்ட் முனையில் உள்ள சிலுவை வடிவ ஜாயின்ட்). வாட்டர் சர்வீஸ் கடையில் பின் ஷாஃப்ட்டுக்கு மட்டும் அடித்து, உள்ளே ஒளிந்திருக்கும் குட்டி ஷாஃப்ட்டை விட்டுவிடுவார்கள். நீங்களே படுத்துப் பாருங்கள். ஒரு கிரீஸ் கன் வாங்கி வைத்துக்கொண்டால் ஆயுளுக்கும் உழைக்கும். நான் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையும், தண்ணீரில் இறங்கிய ஒவ்வொரு முறையும் அடிக்கிறேன். பழைய கிரீஸ் ஓரத்தில் பிதுங்கி வர வேண்டும். எந்த மூலையில் வரவில்லையோ அங்கே கிரீஸ் ஏற்றும் நிப்பிள் அடைத்திருக்கிறது.

முன்சக்கரத்துக்குப் பின்னால் உருண்டையாகத் தெரிவது நக்கிள். அதில் மெல்லிய கிரீஸ் படலம் இருப்பது சரி. ஆயில் வழிந்து டயரின் உள்பக்கம் நனைந்திருந்தால் உள்ளே ஆக்சில் சீல் போய்விட்டது என்று அர்த்தம். அது நக்கிள் கிரீஸைக் கரைத்து, போன பதிலில் சொன்ன கிங் பின் பேரிங்கையும் கெடுக்கும்.

கியர் ஆயில் எல்லாத்துக்கும் ஒண்ணுதானே?

எஞ்சினைத் தவிர நாலு இடத்தில் ஆயில் இருக்கிறது: கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன், பின் டிஃபரன்ஷியல். டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 தர ஆயில். கியர் பாக்ஸில் பித்தளை வளையங்கள் இருப்பதால் ஜிஎல்-4 போடுவதே நல்லது. எங்கள் வண்டிக்கு ஒரு பட்டறையில் எல்லாவற்றிலும் ஒரே டின்னை ஊற்றிவிட்டார்கள், சில மாதத்தில் இரண்டாவது கியர் உறும ஆரம்பித்தது. இப்போது டின்னை நானே வாங்கிக் கொடுத்துப் பக்கத்திலேயே நிற்கிறேன். ஆயிலை வடிக்கும் முன் நிரப்பும் நட்டைக் கழற்றிப் பாருங்கள். அது துருப்பிடித்துக் கழலாமல் போனால், வடித்த வண்டியில் ஆயில் ஊற்ற வழியிருக்காது.

பழைய ஓனரிடம் பில் இல்லையென்றால், வாங்கிய வாரமே எல்லா ஆயிலையும் டைமிங் பெல்ட்டையும் மாற்றிவிடுங்கள்.

துரு இருக்கான்னு எப்படிப் பார்ப்பது?

பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். மிதியடியைத் தூக்கித் தரையைப் பாருங்கள், முன் கண்ணாடி ஃபிரேமின் கீழ் ஓரம், பின் சக்கர வளைவின் உள்பக்கம், பாடியும் சேசிஸும் சேரும் ரப்பர் மவுண்ட் இருக்கும் இடங்கள் எல்லாவற்றையும் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும். மந்தமான சத்தம் வந்தால் பட்டியை அப்பி மறைத்திருக்கிறார்கள். தரைத் தகட்டை டிங்கரிங் செய்துவிடலாம். ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் சேசிஸ் அழுகியிருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

இப்ப வர்ற எத்தனால் பெட்ரோல் பழைய வண்டிக்கு ஆகுமா?

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இப்போது பங்க்குகளில். பழைய ரப்பர் குழாய், கார்புரேட்டர் கேஸ்கெட் போன்றவற்றை அது மெல்ல ஊறவைத்து விரிசல் விட வைக்கும். டேங்கிலிருந்து எஞ்சின் வரை உள்ள ரப்பர் குழாய் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். செலவு அதிகமில்லை, தீ விபத்தோடு விளையாடக் கூடாது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைக்காமல் வாரம் ஒருமுறையாவது ஓட்டுங்கள்.

பெரிய டயர் போட்டா மலையில நல்லா ஏறும்ல?

நேர்மாறு. டயர் பெரிதாகும்போது கியர் விகிதம் உயர்ந்து இழுவை குறையும், பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், நக்கிளுக்கும் பேரிங்குக்கும் பாரம் ஏறும். கம்பெனி அளவிலேயே நல்ல பட்டன் டயர் போடுங்கள். நாலும் ஒரே அளவு, ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் வேறு வேறு என்றால், 4எச் பற்றிச் சொன்ன முறுக்கு நேர் ரோட்டிலேயே ஏறும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு கம்பெனி அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது, எஃப்.சி.யில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

15 வருஷம் முடிஞ்ச வண்டியை வாங்கினா ஆர்.சி. என்ன ஆகும்?

தமிழ்நாட்டில் தகுதிச் சோதனை காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். எங்கள் வண்டி 2013, 2018, 2023 என்று மூன்று முறை தேறியிருக்கிறது. 15 வருடம் தாண்டிய காருக்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 வருடம் தாண்டியவற்றுக்கு 2025-ல் 10,000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி. ஆர்.சி.யில் இருக்கும் சேசிஸ் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதையும் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கியர் போட்டு எடுக்கும்போது அடியில 'கடக்'னு சத்தம். மெக்கானிக் ஜிப்சின்னா அப்படித்தான் இருக்கும்ங்கறார்.

அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ள வேண்டாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, எஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலில் விட்டு அடியில் போங்கள். மூன்று ஷாஃப்ட்டையும் ஒவ்வொன்றாகக் கையால் முறுக்குங்கள். கிராஸில் ஆட்டமோ, செம்மண் நிறத் தூளோ தெரிந்தால் அதுதான், கிரீஸ் காணாமல் காய்ந்திருக்கிறது. கிராஸ் எல்லாம் இறுக்கமாக இருந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் மூன்று ரப்பர் மவுண்டைப் பாருங்கள். ரப்பர் கிழிந்திருந்தால் கேஸ் முழுவதும் எம்பி அடிக்கும். அதுவும் சரியென்றால் பின் ஸ்பிரிங் யூ-போல்ட்டை ஸ்பானர் போட்டு இறுக்கிப் பாருங்கள், கால் சுற்றாவது போகும்.

நான் ஒருமுறை இந்தச் சத்தத்தை இரண்டு மாதம் கேட்டும் கேட்காமல் ஓட்டினேன். இலை மூட்டையோடு ஏற்றத்தில் போகும்போது பின் ஷாஃப்ட்டின் கிராஸ் உடைந்து, ஷாஃப்ட் கீழே விழுந்து ரோட்டில் உரசியது. முன் ஹப்பை லாக் செய்து, அறுந்த ஷாஃப்ட்டைக் கழற்றி வண்டியில் போட்டு, 4எச்-ல் முன்சக்கர இழுவையை மட்டும் வைத்து வீடு வந்து சேர்ந்தேன். இப்போது 12, 14 ஸ்பானரும் ஒரு கிராஸும் சீட்டுக்கு அடியில் எப்போதும் இருக்கின்றன. நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.